அமாவாசை வரை ஒரு மகன்

எழுபதுகளின் நடுவில் நான் மதுரையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பேய் பிடித்தல், சாமியாடுதல் பற்றிப் பேச மானிடவியல் படித்த ஒருவரை ஒருநாள் அழைத்திருந்தார்கள். வந்தவர் பலகையில் பெரிதாக 'நிகழ்த்துதல்' என்று எழுதினார். ஒரு காலத்தில் இதை நோய் என்று எழுதினார்கள், பிறகு ஏமாற்று என்று எழுதினார்கள், இப்போது நிகழ்த்துதல் என்று பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்றார். ஆடுகிற பெண் மட்டும் அதை நிகழ்த்துவதில்லை. உடுக்கு அடிக்கிறவர், கேள்வி கேட்கிறவர், சுற்றி நிற்கிற சனம் எல்லோரும் சேர்ந்துதான் அது நடக்கிறது. அதில் ஒருவர் தன் பங்கைச் செய்யாவிட்டாலும் பேய் பேசாது, பேசினாலும் போகாது என்றார்.

பின் வரிசையில் ஒரு பையன் எழுந்து, அப்படியென்றால் சுத்தமான நடிப்பு என்று சொல்லிவிட்டுப் போகலாமே சார் என்றான். வகுப்பே சிரித்தது. அந்த மனிதர் பொறுமையானவர், நடிப்பா நிஜமா என்று கேட்பதைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால்தான் மற்றதெல்லாம் தெரியும் என்று விளக்கினார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பையனை எழுப்பி நிறுத்தி நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டிருந்தால் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டி வந்திருக்கும். கூட்டம் முடிந்ததும் தேநீருக்குக் கூட நிற்காமல் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

அது என் அக்காவின் கதை. அறுபதுகளின் கடைசியில் நடந்தது.

அப்பா பரளச்சியில் மளிகைக் கடை வைத்திருந்தார். சுற்று வட்டாரமெல்லாம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மிளகாயும் பருத்தியும் கம்பும் வரும், கடையில் வியாபாரமும் வரும். அக்காவை அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருந்த குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். நல்ல இடம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு முதலில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் முன்பே இறந்துபோனது. பேர் இல்லாத பிள்ளைக்கு அழக்கூடாது, அழுதால் அடுத்தது தங்காது என்று அவள் மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அம்மாவும் அதையேதான் சொன்னாள். பால் வற்றுவதற்காக மல்லிகைப் பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். நான் பார்க்கப் போயிருந்தபோது அறை முழுக்க கல்யாண வீடு மாதிரிப் பூ வாசனை. அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பேசியதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள்.

சில மாதம் கழித்து அக்கா பேச ஆரம்பித்தாள். ஆனால் ஆண் குரலில் பேசினாள். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, காலை அகட்டி உட்கார்ந்து, புருஷனைக் கிட்டே வராதே என்றாள். டவுன் டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரைக்குத் தூங்கினாள், விழித்ததும் மறுபடி அதே குரல். ஒருநாள் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டார்கள். மாமியார் காப்பி கூடக் குடிக்கவில்லை. கிளம்பும்போது அப்பாவிடம் சொன்னார்:

"சரி பண்ணிக் கொண்டாந்து விடுங்க. தை பெறக்குறதுக்குள்ள சரியாகலன்னா எம்மகனுக்கு நாங்க வேற பாத்துக்கிடுறோம். எங்களத் தப்பாச் சொல்லக்கூடாது."

அப்போது ஐப்பசி. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எல்லாரும் தை மாதத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தோம், ஆனால் வாய்விட்டு யாரும் சொல்லவில்லை.

திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒரு கோடாங்கியை வரவழைத்தார்கள். பேயோட்டுகிறவர் என்றால் சடையும் சாம்பலுமாக வருவார் என்று நினைத்திருந்தேன். அவர் சைக்கிளில் வந்தார். கையில் கடிகாரம், மஞ்சள் பையில் உடுக்கு. வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அக்காவை உட்கார வைத்தார். உடுக்கை அடித்துக்கொண்டே யாரு நீ, எந்த ஊரு, எப்படிச் செத்தாய் என்று கேட்டுக்கொண்டே போனார். பதில் வராதபோது வேப்பங்குழையால் முதுகில் அடித்தார். இலைதானே என்று நினைப்பீர்கள். ஈர்க்கும் குச்சியுமாகச் சேர்ந்து அடித்தால் தோல் தடித்துவிடும். நான் விடுமுறைக்கு வந்து அக்காவுக்காகத் தங்கிவிட்ட கல்லூரிக்காரி, எனக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. நிறுத்தச் சொல்லி அப்பாவிடம் சண்டை போட்டேன். அடி பேய்க்கு விழுகிறது, உன் அக்காவுக்கு இல்லை என்றார் அப்பா. சாயங்காலம் முதுகில் எண்ணெய் தடவியது நான்தான். தடிப்பு அக்கா முதுகில்தான் இருந்தது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை பேய் தன் பேரைச் சொன்னது. பக்கத்து ஊரில் கிணறு வெட்டும்போது வெடியில் சிக்கிச் செத்த ஓர் இளவட்டம். ஊரே அறிந்த சாவு அது. நாங்கள் பஸ் இறங்கி வருகிற வழியில்தான் அந்தக் கிணறு இருந்தது. குழந்தை போன பிறகு அக்கா ஒருமுறை அந்தப் பக்கமாக மத்தியான வெயிலில் தனியாக வந்திருந்தாள். அப்போதுதான் தொற்றியிருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

பேர் சொன்னது போதாது என்றார் கோடாங்கி. அவர் பழக்கம் அப்படி. ஒரு பேய் இன்னொரு பேயின் பேரைச் சொல்லி மறைந்துகொள்ளுமாம். பேயை அனுப்ப உச்சிமயிரை அறுத்து மரத்தில் அறைவார்கள். அதைத் தப்பான பேருக்குச் செய்தால், உள்ளே இருப்பது உள்ளேயே இருந்துவிடுமாம். அதனால் செத்தவனுடைய ரத்த சொந்தம் யாராவது வந்து, வேறு யாருக்கும் தெரியாத ஒன்றைக் கேட்க வேண்டும். பதில் சரி என்று அவர்கள் சாட்சி சொன்னால்தான் மேற்கொண்டு காரியம். தப்பு என்றால் பொய் சொல்லுகிற பேய். அதற்கு வேப்பங்குழை போதாது, மிளகாய்ப் புகை போட வேண்டும் என்றார். அம்மா அதைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செத்தவனுக்கு ரத்த சொந்தம் என்று மிச்சமிருந்தது அவனைப் பெற்றவள் மட்டும்தான். புருஷன் இல்லாதவள், காடுகளில் மிளகாய்ப் பழம் பறிக்கப் போகிறவள். ஆள் விட்டதும் அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தே வந்தாள். மெலிந்த, உயரமான பெண். கொல்லைப் பக்கமாக வந்து தள்ளி நின்றாள். தண்ணீர் கேட்டாள். அம்மா செம்பை உயர்த்திப் பிடித்து அவள் குவித்த கையில் ஊற்றினாள். செம்பு அவள் கையில் படவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் உடம்பு கூசியது. அப்போதும் நான் எதுவும் பேசவில்லை.

அவள் அக்காவுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். உடுக்கு அடிக்க அடிக்க அக்காவின் தலை சுழன்றது. கோடாங்கி ஒரு கையில் உடுக்கையும் மறு கையில் குழையையும் வைத்துக்கொண்டு, கேளு என்றார். அவள் வெகுநேரம் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்குக் காலையில என்னத்தச் சாப்பிட்டுட்டு நீ வேலைக்குப் போன?"

உடுக்கு நின்றது. அக்காவின் தலையும் நின்றது. பெருமூச்சு மட்டும் கேட்டது. பிறகு அந்த ஆண் குரல் வந்தது.

"நீ ஊத்துன கம்பங்கஞ்சிதான் ஆத்தா. வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டு வயிறு நெறையக் குடிச்சிட்டுத்தான் போனேன்."

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தோம். கோடாங்கியின் கையிலிருந்த குழையைப் பார்த்தாள். குனிந்திருந்த அக்காவின் ரவிக்கைக்கு மேலே தெரிந்த முதுகுத் தடிப்பைப் பார்த்தாள். கோடாங்கி பொறுமையிழந்து, சரியா தப்பா, சொல்லு என்றார்.

"எம்மகன்தான்," என்றாள். "இவன் எம்மகன்தான்யா." அப்படியே குப்புற விழுந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா குனிந்து அவள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கூடியிருந்த பெண்களில் அழாதவர்கள் இல்லை. நானும் அழுதேன். நம்பித்தான் அழுதேனா என்று கேட்டால் தெரியாது. அழுகை வந்தது, அழுதேன்.

மகனை அனுப்பி வைக்க அமாவாசைக்கு நாள் குறித்தார் கோடாங்கி. அதுவரை பெற்றவள் வந்து போகட்டும், ஆசை தீர்ந்தால் பேய் அடம் பிடிக்காமல் போகும் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அந்த நாட்களைத்தான் நான் மறக்கவில்லை. செத்தவனைப் பெற்றவள் காட்டு வேலை முடித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் வருவாள். வேப்பமரத்தடியில் உட்காருவாள். அவள் வருகிற நேரம் அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிடும், தானே எழுந்து கொல்லைக்குப் போவாள். அக்காவின் சிக்குப் பிடித்த தலையை அவள் விரலாலேயே கோதிவிடுவாள். மகனுக்கு எதற்கு இவ்வளவு முடி என்று நான் ஒருநாள் நினைத்தேன், உடனே என் மேலேயே எரிச்சலாக வந்தது. அவள் தன் ஊர்க் கதைகளைச் சொல்லுவாள். ஆடு குட்டி போட்டது, கூரை ஒழுகுவது, யார் யாருக்குக் கல்யாணம் என்று. அக்கா அந்தக் குரலில் ம் ம் என்று கேட்டுக்கொள்வாள்.

ஒரு நாள் அக்கா அழுதாள். ஓர் ஆம்பிளை அழுவது போல, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. கிணற்றுக்குள் இருட்டா இருக்கு ஆத்தா, தனியா இருக்கேன் ஆத்தா, என்னை ஏன் யாரும் தூக்கல என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த அம்மா அவளை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு முன்னும் பின்னுமாக அசைந்தாள். அடுப்படி வாசலில் நின்றிருந்த என் அம்மா, இது நல்லதில்லை, கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார். பேர் வைக்காத பிள்ளைக்கு அழக்கூடாது என்று சொன்ன வீட்டில், அக்கா அன்றைக்குப் பொழுது சாயும்வரை அழுதாள். அது பேயின் அழுகை, அதனால் யாரும் தடுக்கவில்லை.

அமாவாசை அன்று காலையில் அந்த அம்மா ஒரு தூக்குச் சட்டியோடு வந்தாள். போகிற பேய்க்குக் கேட்டதை ஊட்ட வேண்டும், அதுவும் பெற்றவள் கையால் ஊட்ட வேண்டும் என்பது முறை. என்ன வேண்டும் என்று கோடாங்கி கேட்டதற்குக் கம்பங்கஞ்சி என்று சொல்லியிருந்தது. எங்கள் சொந்தக்காரர்களில் ஒருவர் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, இவள் கையால் நம் வீட்டுப் பெண் சாப்பிடுவதா என்று கேட்டார். சாப்பிடுறது பேய்தானே என்றார் அப்பா. அவர் குரலில் எந்தக் குத்தலும் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். சொந்தக்காரரும் சமாதானமாகிவிட்டார். செம்பு படாமல் தண்ணீர் ஊற்றிய அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அக்கா அந்தக் கையிலிருந்து கஞ்சியை வழித்து வழித்துச் சாப்பிட்டாள். சட்டியில் ஒரு பருக்கை மிச்சமில்லை. அந்த அம்மா சட்டியின் அடியைத் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த திருப்தியை நான் எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் பார்த்ததில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அக்காவின் தலையில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்கள். உடுக்குச் சத்தத்துக்கு அவள் ஊருக்கு வெளியே இருந்த புளியமரத்தைப் பார்த்து ஓடினாள். அவ்வளவு பெரிய கல்லோடு அவள் எப்படி ஓடினாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மரத்தடியில் கல்லைப் போட்டாள். கோடாங்கி உச்சிமயிரைக் கொத்தாகப் பிடித்து அறுத்து, ஆணியோடு சேர்த்து மரத்தில் அறைந்தார். அக்கா அப்படியே சாய்ந்தாள். அவள் கண் திறப்பதற்குள் நீ போய்விட வேண்டும் என்று அந்த அம்மாவிடம் கோடாங்கி சொன்னார். இனிமேல் இந்தப் பெண்ணின் கண்ணில் படக்கூடாது, மகனே என்று கூப்பிடக்கூடாது, கூப்பிட்டால் திரும்பி வந்துவிடும் என்றார். அவள் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு, கருவேலங்காட்டுக்குள் போகிற ஒற்றையடிப் பாதையில் நடந்தாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அக்கா கண் திறந்ததும் தன் சொந்தக் குரலில் அம்மா என்று கூப்பிட்டாள். அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மார்கழி முடிவதற்குள் அக்காவின் புருஷன் வந்தார். அக்கா குளித்து, தலை வாரி, பூ வைத்து, பழையபடி அடக்கமான பெண்ணாக இருந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை என்றாள். நான் அவளிடம் தனியாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று பலமுறை நினைத்தேன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண்ணில் ஒரு கெஞ்சல் தெரிந்தது. கேட்காதே என்கிற கெஞ்சல் என்று நான் எடுத்துக்கொண்டேன். இன்றுவரை கேட்கவில்லை.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட நான் போனேன். அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்றது. அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவள் புருஷன் பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம், மிளகாய் வற்றல் மூட்டையைக் கீழே வைத்துக்கொண்டு அந்த அம்மா நிற்பதைப் பார்த்தேன். எப்படித் தெரிந்து வந்தாள் என்று தெரியவில்லை. எனக்குப் பதறிவிட்டது. அக்காவின் கண்ணும் அவள் மேல் விழுந்தது. அக்கா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யாரு இவுக?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் அந்த அம்மாவே சொல்லிவிட்டாள்.

"நான் சும்மா வத்தல் விக்க வந்தவ தாயி. நீ நல்லபடியாப் போயிட்டு வா."

அக்கா தலையசைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் கை மட்டும் விடவில்லை. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

எனக்கு அக்காவின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அந்த மார்பில் சாய்ந்து அழுதவள், அந்தக் கையில் சாப்பிட்டவள், யார் என்று கேட்டுவிட்டாளே என்று. கோபத்தோடு அந்த அம்மாவிடம் போய், மனசில் வைத்துக்கொள்ளாதே, அவளுக்கு ஞாபகம் இல்லை என்றேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, இப்படித்தான் இருக்க வேண்டும் என்றாள். மூட்டை மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"அன்னைக்கு அவன் கஞ்சி குடிக்கல தாயி. ரெண்டு பேருக்கும் காலையில சண்டை. குடிக்க உக்காந்தவன் முன்னாடி இருந்த சட்டிய நாந்தான் கோவத்துல எடுத்து ஆட்டுக்கு ஊத்திட்டேன். வெறும் வயித்தோடதான் கெணத்துல எறங்குனான்."

அப்படியானால் அந்தப் பதில் தப்பு. தப்பு என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. பிறகு ஏன் சாட்சி சொன்னாய் என்று கேட்டேன்.

"தப்புன்னு சொன்னா அந்தப் புள்ளைக்கு மொளகாப் பொகையப் போட்டுருவாகள்ல. பாவம், ஏற்கெனவே முதுகெல்லாம் வரி வரியாக் கெடந்துச்சு." உட்கார்ந்திருந்த மூட்டையின் கட்டை இறுக்கினாள். "எனக்காகவுந்தான் சொன்னேன். வயிறு நெறையக் குடிச்சிட்டுத்தான் போனேன்னு அவன் சொன்னான்ல. அத எப்பிடி நான் இல்லன்னு சொல்லுவேன்?"

வெயில் ஏறிவிட்டது. அவள் எழுந்து மூட்டையைத் தலைக்குத் தூக்க என்னைக் கை கொடுக்கச் சொன்னாள். நான் தூக்கிவிட்டேன். மூட்டையைப் பிடித்தபடி, போகாமல் என் முகத்தையே பார்த்தாள். நான் படித்த பெண் என்பது அவளுக்குத் தெரியும்.

"நீயும் அங்கனதான நின்ன தாயி. வயிறு நெறையக் குடிச்சிட்டுத்தான் போனேன்னு எம்மகன் சொன்னத நீயும் கேட்டேல்ல?"

"கேட்டேன்," என்றேன்.